பொறியும் பொறுப்பும்

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளை அறிந்த நல்லூர் வட்டாரத்தாருக்கு நெருப்பு புதிதன்று. மண்ணைப் பீங்கானாக்குவதும் நெருப்பு. அண்டையிலுள்ள நெய்வேலியிலே பழுப்பு நிலக்கரியை மின்சாரமாக்குவதும் நெருப்பு. அந்த நெருப்பு ஆளையே விழுங்கிவிட்டால் பழி யாருடையது?

2020 மே 7. நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தின் ஆறாம் அலகிலே கொதிகலன் வெடித்தது, உயிர்கள் பலியாயின. 55 நாட்கள் சென்றன. ஜூலை 1. அதே நிலையம், ஐந்தாம் அலகு, மீண்டும் வெடிப்பு! அன்றே 6 பேர் மாண்டனர். தீப்புண்ணோடு கிடந்தோர் பலர் பின்னர் மடிந்தனர்.

ஆலை எதிலே வெடித்தாலும் முன்பு 'விதி' என்றனர். இன்று அப்படிச் சொன்னால் நகைப்பார்களே என்று 'கவனக்குறைவு' என்கின்றனர். பெயர்தான் மாறிற்று, மாண்டவன் தலையிலேயே பழியைச் சுமத்தும் பழக்கம் மாறிற்றா?

இங்கிலாந்திலே, ஃபெல்லிங் சுரங்கத்தில் 1812-இல் வாயு வெடித்து 92 பேர் இறந்தனர். 1815-இல் ஹம்ப்ரி டேவி, சுடரைக் கம்பி வலையால் சூழ்ந்த விளக்கைச் செய்தார். வலை வெப்பத்தை உறிஞ்சும்; சுடர் வெளியே பாயாது. அதற்குக் காப்புரிமையும் அவர் கேட்கவில்லை. முதலாளிகளோ, வாயு மிகுதியென்று முன்பு கைவிட்ட சுரங்கங்களுக்குள்ளும் அந்த விளக்கைக் கொடுத்து ஆட்களை இறக்கினர். விளக்கு வந்தும் சாவு குறையவில்லை! உயிர் காக்க வந்த கருவி, கரி எடுக்கும் கருவியாயிற்று.

இன்று தீப்பற்றும் வாயு சூழுமிடங்களில் மின்பொறிகளைத் தடித்த உலோகப் பெட்டியிலே அடைக்கின்றனர். உள்ளே வாயு புகும், வெடிக்கவும் செய்யும்; வெளியேறும் அனல் குறுகிய இடுக்கின் வழியே வந்து குளிர்ந்துவிடும். அந்தப் பெட்டியைச் செய்தவன் 'பொறி எழவே எழாது' என்று நம்பவில்லை. தவறு நேரும், நேர்ந்தாலும் ஆள் சாகக் கூடாது என்று எண்ணினான். அறம் என்று நாம் சொல்வது இதைத்தான். இரவு முழுதும் உழைத்துக் கண்ணயர்ந்தவனின் விழிப்பையே வேலியாகக் கொள்வது அறமாகாது.

நெய்வேலியிலே மாண்டோரில் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர். எந்த ஆலையிலேனும் அத்தகைய ஒருவன், 'இங்கே கரித்தூள் மண்டிக் கிடக்கிறது, அகற்றும்வரை வேலை தொடங்கேன்' என்று கூறட்டும். 'கவனமாயிரு' என்று அறிவுரை வழங்குவோரே, மறுநாள் அவனுக்கு அங்கே வேலை உண்டா?