ஓரக்கோட்டில் நிற்பவர்கள்

கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ஹாக்கி ஆட்டத்தின் குறிப்பேட்டில் இரு அணிகளின் பெயர்களும், கோல் அடித்தவர்களும், அடித்த நிமிடமும், நடுவர் காட்டிய பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளும் பதிவாகின்றன. அந்த ஆட்டத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எழுதுவதற்கு அதில் ஒரு கட்டமும் கிடையாது. அதனால்தான், ஓரக்கோட்டை ஒட்டி நின்று கூச்சலிட்ட மாணவர் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு கரைந்து, மாற்று ஆட்டக்காரர்களும் உடற்கல்வி இயக்குநரும் பைகளுக்குக் காவலிருக்கும் முதலாண்டு மாணவர் ஒருவரும் மட்டுமே எஞ்சும் நிலை வந்தபோதும், அது எந்த ஆண்டறிக்கையிலும் இழப்பாக எழுதப்படுவதில்லை. கோப்பைகள் முதல்வர் அறையின் கண்ணாடி அலமாரிக்கு வழக்கம்போல் வந்து சேர்கின்றன. கோப்பையை வென்ற கணத்தில் அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்பவர் இல்லை. ஒருவருடைய உழைப்பை, அவரை அறிந்தவர்கள் நேரில் நின்று பார்ப்பதற்கு வாழ்வில் என்ன இடம் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி கேட்கிறது.

மக்களுக்கு ஹாக்கியின் மீதிருந்த பற்று வற்றிவிட்டது என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தில் அந்த விளக்கம் எடுபடாது. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற கோவில்பட்டி, விளையாட்டு வட்டாரத்தில் 'ஹாக்கிபட்டி' என்றே அழைக்கப்படும் ஊர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு விளையாட்டு விடுதி அங்கே இயங்குகிறது. அவ்வூரின் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து அங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இடம்பெற்றார்கள். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி அங்கே கோடையில் நடக்கும்போது, தொழிலாளரும் கடைக்காரரும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில், ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் மலேசியாவிடம் 1–3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 4–3 என்று வென்ற இரவிலும், 2025 இறுதியில் 24 அணிகள் கலந்துகொண்ட இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்து இந்தியா ஆடிய நாள்களிலும் பார்வையாளருக்குப் பஞ்சமில்லை. ஆகவே ஹாக்கிக்குக் கூட்டம் இருக்கிறது. கல்லூரி ஹாக்கிக்குக் கல்லூரிக் கூட்டம்தான் இல்லை.

இந்த வேறுபாட்டின் வேர்களில் ஒன்று தரையில் இருக்கிறது. செயற்கை நார்களால் நெய்து விரித்து, ஆட்டத்துக்கு முன் நீர் தெளித்து ஈரமாக்கப்படும் செயற்கைப் புல்தரையில் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாக ஆடப்பட்டது 1976இல், மாண்ட்ரியலில். அதற்கு முந்தைய ஆண்டுதான் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா, மாண்ட்ரியலில் ஏழாம் இடத்துக்குப் போனது. 1980இல் மாஸ்கோவில் தமிழரான வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் தங்கம் கிடைத்தாலும், அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதிகம் எழுதப்படாதது, அதே மாற்றம் கல்லூரி வளாகத்தில் செய்த வேலை. செயற்கைத் தரை கோடிக்கணக்கில் செலவு பிடிக்கும் பொருளாதலால் அரசே ஒரு வட்டாரத்துக்கு ஒன்றென அமைக்க முடிந்தது. தரமான ஆட்டங்கள் யாவும் அங்கே இடம் பெயர்ந்தன. வகுப்பு முடிந்து விடுதிக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ போகும் வழியில், செம்மண் மைதானத்தில் எழும் புழுதியைக் கண்டும் மட்டை மோதும் ஓசையைக் கேட்டும் நின்றுவிட்ட மாணவர், இப்போது தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பயணம் செய்து கோவில்பட்டிக்குப் போனால்தான் தம் வகுப்புத் தோழர் ஆடுவதைக் காண முடியும் என்றால், அவர் போகாததில் வியப்பில்லை.

ஹாக்கி, தொலைவிலிருந்து பார்த்தால் பாதி மறைந்துபோகும் ஆட்டம் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உள்ள பரப்பில், கைக்குள் அடங்கும் பந்து கண்ணுக்குத் தப்பும் வேகத்தில் ஓடுகிறது. 'பெனால்டி கார்னர்' என்பது, காக்கும் அணி தன் வட்டத்துக்குள் தவறு செய்யும்போது எதிரணிக்குக் கோல் கம்பங்கள் நிற்கும் பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு. அப்போது கோல்காப்பாளர் உள்பட ஐவர் மட்டுமே பின்கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். அந்த ஐவரும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, பந்து புறப்படும் நொடியில் அதை நோக்கியே பாய்வதற்குக் குனிந்து நிற்பார்கள். பத்தடி தூரத்தில் நிற்பவருக்கு அவர்கள் மூச்சு விடுவது தெரியும். வேலிக்கு அப்பால் உயரத்தில் அமர்ந்திருப்பவருக்கோ ஒரு நெரிசலும், அதன்பின் ஒரு விசிலும்தான். கல்லூரி மைதானத்தின் ஓரக்கோட்டுக்கு ஈடான இருக்கை எந்தப் பெரிய அரங்கிலும் இல்லை.

தரை போனபின் நேரமும் போனது. ஆண்டு முடிவில் ஒரே தேர்வு என்றிருந்த முறை மாறி, ஆண்டை இரு பருவங்களாகப் பிரித்து இடைத்தேர்வு, ஒப்படைப்பு, கருத்தரங்கு என்று அகமதிப்பெண்ணைத் தொடர்ந்து ஈட்டச் செய்யும் செமஸ்டர் முறையில், எவருக்கும் உரிமையில்லாத பொழுது என்று ஒன்று மாணவரிடம் மிஞ்சுவதில்லை. வகுப்புக்கு 75 விழுக்காடு வருகை இருந்தாக வேண்டும். இரு முறைகளாக இயங்கும் கல்லூரிகளில் காலை முறை மாணவர் வீடு திரும்பும் வேளையில் மாலை முறை மாணவர் உள்ளே நுழைகிறார், இருவரும் சேர்ந்து எதையும் பார்க்க வழியில்லை. திரேஸ்புரம் போன்ற கடற்கரைப் பகுதியிலிருந்து, குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவரை எண்ணினால் இது இன்னும் தெளிவாகும். நாட்டுப்படகுகளும் சங்குகுளிப்பும் பிழைப்பாயிருக்கும் அவ்விடத்தில் பிற்பகல் என்பது வலை பிரித்தெடுக்கவும், மீனைக் கணக்குப் பார்க்கவும், பகுதிநேர வேலைக்குப் போகவும் உரிய நேரம். ஹாக்கி பார்க்க நிற்கும் ஒரு மணி நேரம் அவருக்கு ஒரு மணி நேரக் கூலி. இவரைப் பார்த்து, இன்றைய மாணவர்க்குக் கல்லூரிப் பற்று இல்லை என்று பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் வருந்துவது, சற்றே வசதியான வருத்தம்.

அந்த வருத்தத்தில் இன்னொரு பொத்தலும் உண்டு. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் கல்லூரி 1951இல் தொடங்கப்படுவதற்கு முன்பே, 1948இல் தூய மரியன்னை மகளிர் கல்லூரி தொடங்கிவிட்டது. இருந்தும் அந்தக் காலத்துக் கூட்டம் என்று நினைவுகூரப்படுவது பெரும்பாலும் ஆண்கள் ஆடி ஆண்கள் பார்த்த கூட்டமே. பொழுது சாயுமுன் வீடு சேர வேண்டியிருந்த பெண்களுக்கு ஓரக்கோட்டில் இடமில்லை. பெண்கள் அணி ஆடியபோது அதைப் பார்க்க இயல்பாகக் கூடிய மாணவியர் திரள் என்று ஒன்று உருவாகவே விடப்படவில்லை. குறைந்துவிட்டது என்ற சொல் அவர்களைப் பொறுத்தவரை பொருந்தாது.

ஆடுபவரும் மாறிவிட்டார். பள்ளிப் பருவத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்டு, விளையாட்டு விடுதியில் வளர்ந்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்து, ரயில்வேயிலோ வங்கியிலோ காவல்துறையிலோ வேலை பெறுவதைக் குறிக்கோளாகக் கொண்டிருக்கும் வீரரைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எளிய வீட்டுப் பிள்ளைகள் பலரைக் கரை சேர்த்த பாதை அது. ஆனால் பயிற்சி முகாமிலும் பயணத்திலுமே பருவத்தின் பெரும்பகுதியைக் கழிக்கும் அவரை வகுப்பிலுள்ள நாற்பது பேர் பெயரளவில்தான் அறிவார்கள். பெயரளவில் அறிந்தவருக்காக எவரும் வெயிலில் நிற்பதில்லை.

கைப்பேசியின் மீது பழியைப் போடுவோர் உண்டு. அது நேரத்தை நிரப்புகிறதே அன்றி, மேலே சொன்ன எதையும் தொடங்கிவைத்தது அதுவன்று. வசதிக்குக் குறைவில்லாத அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இதே கவலை இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் புகழ்பெற்ற அலபாமா பல்கலைக்கழகம், மாணவர்கள் ஆட்டம் முடியுமுன் எழுந்து போவதைத் தடுக்க, 2019இல் ஒரு செயலியை அறிமுகப்படுத்தி, அரங்கில் அவர்கள் இருக்கும் நேரத்தைக் கைப்பேசி வழியே கண்காணித்துக் கடைசிக் கால்பகுதி வரை இருப்போருக்குப் புள்ளிகள் வழங்கியது. வகுப்பின் வருகைப்பதிவேடு மைதானத்துக்கும் வந்து சேர்ந்த கதை இது. புள்ளிக்காக அமர்ந்திருப்பவர் இருக்கையை நிரப்புவார்; ஆட்டத்துடன் அவருக்கு என்ன உறவு என்பது வேறு.

அந்த உறவு எத்தகையது என்பதைத் திரேஸ்புரத்துக் கடல் ஒருவாறு விளக்கும். மன்னார் வளைகுடாவில் 'பார்' எனப்படும் முத்துச்சிப்பிப் படுகைகளில் நடந்த முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நின்றுபோனது; அதன் முறைமை மட்டும் நினைவில் இருக்கிறது. கல்லின் பாரத்தால் விரைந்து அடியில் இறங்கும் குளியாளி, மூச்சு தாங்கும் ஒரு நிமிட அளவில் சிப்பிகளைச் சேர்த்துவிட்டுக் கயிற்றை அசைப்பார். மேலே அக்கயிற்றைப் பிடித்திருப்பவர் உடனே இழுத்தாக வேண்டும். படகில் ஒரு பகுதியினர் நீரில் இறங்குவதே இல்லை, கவனித்திருப்பதே அவர்கள் தொழில். கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பதே நல்லது, தங்கையின் தாலியை எண்ணி அவன் கண்ணயர மாட்டான் என்று கடற்கரையில் சொல்லப்படுவதுண்டு. இந்த ஒப்புமை முழுமையானதன்று. ஓரக்கோட்டில் நிற்பவர் கையில் கயிறு இல்லை, அவர் கண்ணயர்ந்தால் எவரும் மூழ்கிவிடப் போவதுமில்லை. ஆனால் ஒருவர் செய்வதை மற்றவர் முழுக் கவனத்துடன் பார்த்திருப்பது அச்செயலின் ஒரு பகுதியே என்ற புரிதல், அந்தக் கடற்கரைக்கு எந்தப் பாடநூலும் சொல்லித் தராமலே வந்தது.

கல்லூரி மைதானத்தில் கிடைத்த பயிற்சி அத்தகையது. தனக்கு மதிப்பெண்ணோ வேலையோ தராத ஒன்றில், தன்னோடு பெஞ்சில் அமர்ந்திருப்பவர் தவறவிட்ட கோலுக்காக ஒரு மாலை முழுதும் மனம் கனத்திருப்பதும், மறுநாள் காலையில் அவரிடம் என்ன பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்று அறிந்திருப்பதும் இருபது வயதில் பழக வேண்டியவை. நாட்டு அணி தோற்றால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் திட்டலாம். வகுப்புத் தோழர் தோற்றால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் அலுவலகத்திலும் குடும்பத்திலும் அடுத்தவரின் வெற்றியைப் பொறாமையின்றியும் தோல்வியை ஏளனமின்றியும் எதிர்கொள்ளத் தெரியாதவர்கள் பெருகுவதற்கு, இத்தகைய வாய்ப்புகள் அருகிப்போனதும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

பழைய கூட்டத்தை அப்படியே திரும்ப அழைக்க முடியாது, அழைக்க வேண்டியதுமில்லை. பதிவேட்டை நீட்டி மாணவரை மைதானத்தில் உட்காரவைப்பது ஆட்டத்தையும் மற்றொரு வகுப்பாக்கிவிடும். ஆட்டத்தை மாணவர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதே செய்யத்தக்கது. அணிக்கு ஐவர் மட்டும் சிறு பரப்பில் ஆடும் ஐவர் ஹாக்கிக்கு 2024இல் மஸ்கட்டில் உலகக் கோப்பையே நடந்திருக்கிறது; அதற்குக் கல்லூரியின் உள்மைதானம் போதும், பெரிய தரை தேவையில்லை. தூத்துக்குடியின் கல்லூரி முதல்வர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு ஆட்டங்களையேனும் தங்கள் வளாகத்திலேயே வைத்து, அந்நாள்களில் கடைசிப் பாடவேளையை விட்டுக்கொடுத்து, வீட்டுக்குப் போக விரும்புவோரைப் போகவும் விட வேண்டும். அதைப் பெண்கள் அணியின் ஆட்டத்திலிருந்து தொடங்குவது நல்லது.