எழுபது வருஷமும் பத்து வரியும்

ஒரு வசனத்தை அது பிறந்த இடத்திலிருந்து எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க நமக்கு உரிமை உண்டா? சின்னக் கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனால் நம் தேவாலயங்களில் வாராவாரம் நடப்பது இதுதான். ஞாயிறு ஆராதனைத் தாளின் பின்பக்கம் ஒரு வசனம், அதன் கீழே பத்து வரி தியானம். பெண்கள் கூட்டத்தில் ஒன்று, வாலிபர் கூட்டத்தில் ஒன்று. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் குவித்த வாக்குத்தத்த அட்டைகளில் ஆளுக்கு ஒன்று. பார்க்காமல் எடுக்கணும். வருஷம் முழுக்க அதுதான் நம் வசனம். எங்கள் சபையில் அந்தப் பத்து வரியை முறை வைத்து எழுதும் ஐந்து பேரில் நானும் ஒருவன். அதனால் வெளியே நின்று இதைக் கேட்க எனக்கு வசதி இல்லை.

முதலில் ஒன்று. 'வசனம்' என்று நாம் சொல்லும் எண் போட்ட துண்டு, வேதாகமத்தை விட ரொம்ப இளையது. இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் புதிய ஏற்பாட்டுக்கு வசன எண்களைப் போட்டு வெளியிட்டது 1551இல். அதுவரை கடிதம் கடிதமாகவும் பாட்டு பாட்டாகவும் இருந்தது. எண் வந்ததும் தேடுவது சுலபமாச்சு, வெட்டுவதும் சுலபமாச்சு. 1731இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்து மொராவியச் சபையார், ஒவ்வொரு நாளுக்கும் சீட்டுப் போட்டு எடுத்த வசனங்களைப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். வருஷம் தவறாமல் இன்றும் அது வருகிறது. நம் தட்டு அட்டைக்கு அது தூரத்துச் சொந்தம் மாதிரி.

இப்போது அந்தத் தட்டில் அதிகம் விரும்பப்படும் அட்டைகளில் ஒன்றை எடுப்போம். எரேமியா 29:11. உங்களைக் குறித்துத் தீமையை அல்ல, நன்மையையே நினைத்திருக்கிறேன், உங்களுக்கு ஒரு எதிர்காலம் உண்டு என்று கடவுள் சொல்வதாக அதன் சாரம். வேலை தேடுகிறவருக்கும் வரன் பார்க்கிறவருக்கும் இதைவிட இதமான அட்டை கிடையாது.

ஆனால் இது ஒரு கடிதத்தின் நடுவரி. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன அந்த ஊரின் நலனுக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்று ஆரம்பிக்கிறது. முந்தின வசனம், பத்தாவது வசனம், எழுபது வருஷம் என்கிறது. முப்பது வயதில் இதைக் கேட்ட ஒருத்தன் ஊர் திரும்பப் போவதில்லை. அவன் பேரப்பிள்ளை ஒருவேளை திரும்பலாம். அந்த நன்மை ஒரு ஜனத்துக்கானது, தனி ஆளுடைய இன்டர்வியூவுக்கானது இல்லை. எபிரேயத்தில் அங்கே இருப்பது பன்மை. தமிழில் 'உங்கள்' என்பது பன்மையாகவும் இருக்கும், ஒருவருக்குக் கொடுக்கும் மரியாதையாகவும் இருக்கும். கடவுளே நம்மை மரியாதையாகக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுகிற மாதிரி காதில் விழுகிறது. நம் மொழியின் பணிவே இங்கே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது.

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்னால் அறிவிக்கிறான். எரேமியா அதற்கு முதலில் 'ஆமென்' என்கிறார். அப்படி நடந்தால் நல்லதுதானே என்ற நிஜமான ஆசை அது. பிறகுதான் மறுக்கிறார். அனனியா சொன்னதும் நம்பிக்கைதான், எரேமியா எழுதியதும் நம்பிக்கைதான். ஒருவன் கேட்கிறவர்களுக்குப் பிடித்த கணக்கைச் சொன்னான், இன்னொருவர் உண்மையான கணக்கைச் சொன்னார். சங்கடம் என்னவென்றால், எரேமியாவின் கடிதத்திலிருந்து பதினோராவது வசனத்தை மட்டும் வெட்டி எடுத்தால், அது அனனியாவின் குரலில் பேச ஆரம்பிக்கிறது.

இன்னொரு அட்டையில் இது இன்னும் கூர்மையாகும். யோபு 8:7. உன் தொடக்கம் சின்னதாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்ற பொருள். கடைத் திறப்பு விழாவுக்கும் கல்யாண வாழ்த்துக்கும் ஏற்றது. சொன்னது யார்? யோபுவின் சிநேகிதன் பில்தாத். யாரிடம்? பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனிடம். எப்போது? 'உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதனால்தான் போனார்கள்' என்ற கருத்தைச் சொல்லிவிட்டு, மூன்று வசனம் தள்ளி. புத்தகத்தின் கடைசியில் கடவுள் அந்தச் சிநேகிதர்கள் மேல் கோபப்படுகிறார். என் தாசன் யோபு பேசியதைப் போல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்கிறார். இத்தனைக்கும் அவர்கள் கடவுளுக்காகத்தான் வாதாடினார்கள், யோபுதான் கடவுளோடு சண்டை போட்டான். ஏழு நாள் வாய் திறக்காமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, அட்டையே தப்பு என்று முடித்துவிடலாம். ஆனால் அது என் சித்தியிடம் செல்லாது.

சித்தி ஒரு புத்தாண்டில் எடுத்தது அந்த எரேமியா அட்டைதான். அந்த ஜூனில் சித்தப்பா இறந்துபோனார். அட்டை இன்னும் பீரோ கண்ணாடியில் செருகி இருக்கிறது. "ஏன் சித்தி இதை இன்னும் வச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "துக்கத்துக்கு வந்தவுக ஆளுக்கொரு வசனம் சொல்லிட்டுப் போனாக. அதெல்லாம் அன்னைக்கே மறந்துட்டேன். இது நானா எடுத்தது. இதோட இன்னும் சண்ட போட்டுக்கிட்டு இருக்கேன்யா."

இந்த ஒரு பதில், நான் படித்த விளக்கவுரைகளை விட அதிகம் யோசிக்க வைத்தது. சித்தி அந்த வசனத்தை அதன் இடத்திலிருந்து எடுத்தவர்தான். ஆனால் அதைக் கொண்டு யாரையும் வாயடைக்கவில்லை. அவர் யோபு பக்கம் நிற்கிறார். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் பில்தாத் பக்கம் நின்றார்கள். வசனம் ஒன்றாகவே இருந்திருந்தாலும் காரியம் வேறு. வலிக்கிறவர் தானே பற்றிக்கொள்ளும் சொல்லும், வலிக்காதவர் அவர் கையில் திணிக்கும் சொல்லும் ஒன்றாகாது.

அப்படியானால் சுருக்கமாக இருப்பது பிரச்சினை இல்லை. வனாந்தரச் சோதனைக் கதையில் பிசாசு 91ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்துச் சொல்கிறான், குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று. இயேசுவும் உபாகமத்திலிருந்து சின்ன வாக்கியங்களில்தான் பதில் சொல்கிறார். இரண்டு பேரும் வெட்டித்தான் எடுத்தார்கள். பிசாசு சொன்ன வசனம் அவனிடம் எதையும் கேட்கவில்லை, குதிக்க வேண்டியவர் வேறொருவர். இயேசு சொன்னவை சொன்னவரையே கட்டுப்படுத்தின. பசியோடு இருந்தவர், அப்பத்தை மறுக்கிற வாக்கியத்தைச் சொன்னார். எனக்குத் தெரிந்து வேறு அளவுகோல் இல்லை: இந்த வசனத்தைச் சொல்வதால் சொல்கிற எனக்கு என்ன செலவு?

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடல் ஏறி வந்தபோது வேளாங்கண்ணியில் திருநாளுக்கு வந்த கூட்டம் இருந்தது. ஐந்து நாள் கழித்து அந்தக் கரையிலும் புத்தாண்டு இரவு வந்தது. அந்த இரவில் தட்டில் எந்த அட்டையை வைக்க முடியும்? முகாமில் அவர்களோடு தரையில் படுக்கிற ஒருவர், கடவுள் நம்மை மறக்கவில்லை என்று சொன்னால் அதற்கு ஒரு கனம் உண்டு. அதையே கார் கண்ணாடியை இறக்கிச் சொன்னால் அது இரைச்சல்.

என் சிக்கல் என்னவென்றால், பத்து வரி எழுதுகிறவனுக்கு எதிரே இருப்பவர் யாரென்று தெரியாது. அந்தத் தாளைப் புதுசாகக் கல்யாணமானவரும் படிப்பார், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவரும் படிப்பார். ஆகவே சில விஷயங்களில் பிடிவாதமாக இருக்கிறேன். யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னது என்று ஒரு வரியாவது போடுவேன். 'உங்கள் வாழ்க்கையிலும் இப்படியே நடக்கும்' என்று முடிக்க மாட்டேன். அந்த வசனம் கேட்கும் வேலை எதுவோ, அதை விடாமல் சொல்வேன். எரேமியா என்றால் தோட்டம். நாம் சாப்பிடப்போகாத பழத்துக்காக ஒரு கன்று நடுவது. வாக்குத்தத்தம் என்பதற்கு எனக்குப் புரிகிற அர்த்தம் இதுதான்.

'இப்படி எழுதினா யாருக்குத் தம்பி ஆறுதலா இருக்கும்?' என்று சபையில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில், பொய்த்துப்போகாத ஆறுதல் கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பது.

அடுத்த மாசம் என் முறை. கொடுத்திருக்கும் வசனம் ரோமர் 8:28, எல்லாமே நன்மைக்காகக் கூடி நடக்கிறது என்ற வசனம். துக்க வீடுகளில் அதிகம் கேட்ட வசனம். அதற்கு இரண்டு வசனம் முன்னால் பவுல் இன்னொன்று சொல்கிறார்: எப்படி ஜெபிப்பது என்றே நமக்குத் தெரியவில்லை, ஆவியானவரே வார்த்தையில்லாத பெருமூச்சோடு நமக்காக வேண்டுகிறார் என்று. கடவுளுக்கே அங்கே வார்த்தை வரவில்லை. இந்தத் தடவை அந்தப் பெருமூச்சில் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். பத்தில் ஏழு வரி அதற்கே போய்விடும். மீதி மூன்றில் 'நன்மை' என்ற சொல்லை ஒரே ஒரு தடவை, மெதுவாக எழுதுவேன்.