துக்க வீட்டில் ஸ்தோத்திரம்

கிறிஸ்மஸ் நெருங்கும் நாட்களில் திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில், வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளும் கட்டிக்கொடுத்த பெண்களும் வந்து சேர்ந்தபின், ஒரு மாலைப்பொழுதில் பாய் விரித்து எல்லோரும் உட்கார, வீட்டுப் பெரியவர் கழிந்த வருஷத்தின் நன்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி ஸ்தோத்திர ஜெபம் செய்வது வழக்கம். மூத்தவன் மகளுக்கு விவாகம் முடிந்தது, இளையவனுக்கு உத்தியோகம் நிரந்தரமாயிற்று, விஷஜுரத்தில் கிடந்த பேரன் பிழைத்து எழுந்தான் என்று அந்த வரிசை நீளும். அதே பாயின் ஓரத்தில், அதே ஜுரத்துக்குத் தன் பிள்ளையைப் பறிகொடுத்த மருமகள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வருஷம் முழுவதும் ஒரு குறையும் அணுகாமல் காத்தீரே என்று பெரியவர் முடிக்கும்போது, மற்றவர்களோடு சேர்ந்து அவளும் ஆமென் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியவர் பொய் சொல்ல எண்ணவில்லை. அவர் மனத்தில் கொடுமையும் இல்லை. பேரன் பிழைத்தது மெய், அதற்காக அவர் உள்ளம் நிறைந்திருப்பதும் மெய். ஆயினும், காக்கப்பட்டவன் தன் நன்றியை, காக்கப்படாதவள் எதிரே வாய்விட்டுச் சொல்வது நியாயமா என்னும் கேள்வி அந்தப் பாயின்மேல் கிடக்கிறது.

இதற்கு நம் ஊர்வழக்கம் ஒரு விடை வைத்திருக்கிறது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. வாசலில் நட்சத்திரம் ஏறாது, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், புதுத்துணி எடுக்கமாட்டார்கள். கீதம் பாடிக்கொண்டு வீடு வீடாகச் செல்லும் சபையாரும் அந்த வாசலில் மேளத்தை நிறுத்தி, ஒரு ஜெபத்தோடு கடந்துபோவதுண்டு. அதற்கு ஈடாகப் பண்டிகைக்கு முன்தினம் அக்கம்பக்கத்தாரும் சம்பந்திமாரும் முந்திரிக்கொத்தும் முறுக்கும் அதிரசமும் தூக்குகளில் கொண்டுவந்து, அதிகம் பேசாமல், அடுக்களைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். துக்கப்படுகிறவளின் கையை அடுப்பிலிருந்து விடுவித்து, அவள் பிள்ளைகளின் வாயைப் பட்டினி போடாமல் காக்கும் இந்த ஏற்பாட்டைவிட நுண்ணிய தர்மம் நம் கிராமங்களில் அதிகமில்லை என்றே சொல்லலாம்.

ஆனால் இந்த வழக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. அதே வருஷத்தில் விவாகமான பெண்ணுக்கு அது தலைக் கிறிஸ்மஸ். அதே வருஷத்தில் பிறந்த குழந்தைக்கு அது முதல் கிறிஸ்மஸ். ஒரு வீட்டில் மணக்கோலமும் பாடையும் ஒரே வருஷத்தில் வாசல் கடந்திருக்க, சாவை மாத்திரம் கணக்கில் வைத்துப் பிறப்பைக் கணக்கிலிருந்து தள்ளுவது, இறந்தவருக்குக்கூட மரியாதையாகுமா என்பது ஐயம். பேரப்பிள்ளையின் முகத்தைக் காண ஏங்கியிருந்து கண்மூடிய ஒரு தாத்தாவின் பெயரால் அந்தப் பிள்ளைக்கு ஒரு சட்டை மறுக்கப்படுமாயின், அதை அந்தத் தாத்தாவே ஒப்பியிருக்கமாட்டார்.

மற்றொரு விடை பிரசங்க பீடத்திலிருந்து வருகிறது. இன்பமும் துன்பமும் ஒரே கரத்திலிருந்து வருகின்றனவாதலால் இரண்டிற்கும் நன்றி சொல்லக் கடவோம் என்பது அது. தானாக அந்த நிலையை எய்திய ஆத்துமாக்கள் உண்டு; அவர்களை வணங்கலாம். ஆனால் எய்தாத ஒருத்தியிடம், நாலு மாதத்துக்கு முன் பிள்ளையைக் குழியில் வைத்தவளிடம், அதைக் கடமையாக வசூலிப்பது பக்தியாகாது. அப்படிப் பெற்ற நன்றி நன்றியுமாகாது.

கிறிஸ்துவின் ஜனன சரித்திரமே இந்தக் கேள்விக்குள் நிற்கிறது என்பதைப் பண்டிகையின் ஆரவாரத்தில் நாம் மறந்துவிடுகிறோம். மத்தேயு எழுதியபடி, யோசேப்புக்குச் சொப்பனத்தில் எச்சரிக்கை வந்தது. பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் போனான். பெத்லகேமின் மற்றத் தகப்பன்மாருக்குச் சொப்பனம் வரவில்லை. பிள்ளையைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜாவின் சேவகர் வந்தபோது இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகள் அந்தத் தகப்பன்மாரின் வீடுகளில் இருந்தார்கள். தப்பிய ஒரு குடும்பத்தையும் தப்பாத பல குடும்பங்களையும் சுவிசேஷகன் ஒரே அதிகாரத்தில் வைத்தான். தாய்மாரின் புலம்பலை மறைக்கவில்லை. ஏன் ஒருவனுக்கு மட்டும் சொப்பனம் வந்தது என்று விளக்கவும் முற்படவில்லை. மேலைத் திருச்சபையும் டிசம்பர் 26ஐக் கல்லெறியுண்டு மாண்ட ஸ்தேவானுக்கும், 28ஐ அந்த மாசில்லாக் குழந்தைகளுக்கும் ஒதுக்கி, பிறப்பின் மகிழ்ச்சி ஆறுமுன்பே சாவுகளை அதே வாரத்தில் நிறுத்தியிருக்கிறது.

2004ஆம் வருஷம் அந்த 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலை கடல் எழுந்து தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 8,000 பேரைக் கொண்டுபோயிற்று; நாகப்பட்டினம் மாவட்டமே பெரும்பங்கைக் கொடுத்தது. வேளாங்கண்ணியில் தேவாலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள். பண்டிகைக்கு வந்து கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் திரளாக மாண்டார்கள். தப்பியவர்கள் மாதாவுக்கு நன்றி சொன்னதை யார் குற்றமென்பார்? ஆனால் கரையில் நின்றவர்களும் அதே மாதாவை நாடி வந்தவர்களே அல்லவா? அந்த நன்றியைக் கேட்கும் இடத்தில், கரையில் மகளை விட்டுவிட்டு வந்த ஒரு தகப்பன் நின்றிருந்தால், அவன் காதில் அது எப்படி விழும்?

நன்றியில் தவறில்லை, அது காரணம் சொல்லத் தொடங்கும்போதுதான் தவறு நுழைகிறது. பேரன் பிழைத்தான், ஸ்தோத்திரம் என்பது ஒரு மனிதனின் நெஞ்சு நிறைந்த பேச்சு. எங்கள் ஜெபத்தைக் கேட்டுப் பிழைக்க வைத்தார் என்று அது நீளும்போது, எதிரே இருப்பவளின் ஜெபம் கேட்கப்படவில்லை என்னும் தீர்ப்பும் சொல்லாமலே சொல்லப்பட்டுவிடுகிறது. தன் ஜெபம் கேட்கப்பட்டது என்று ஒருவன் மெய்யாகவே நம்புகிறானே, அதை அவன் மறைக்க வேண்டுமா என்று ஆக்ஷேபிக்கலாம். தனி ஜெபத்தில் அவன் அதைச் சொல்லட்டும். அங்கே கேட்பவர் ஒருவரே, அவருக்கு இரண்டு பிள்ளைகளையும் தெரியும். குடும்பப் பாயில் அவன் சொல்லத்தக்கது வேறு: இறந்த பிள்ளையின் பெயரை முதலில் சொல்லி, அவன் எங்களோடு இருந்த வருஷங்களை நினைத்து, அதன்பின் பிழைத்தவனுக்காக நன்றி கூறுவது. பண்டிகை நாளில் பெயரைச் சொன்னால் தாய்க்குப் புண் கிளறுமே என்று அஞ்சுவோர் உண்டு. அவள் மறந்திருக்கிறாள் என்று எண்ணுவதல்லவா அந்த அச்சத்தின் அடிப்படை?

இனி, நட்சத்திரம் ஏற்றுவதா வேண்டாமா என்பதை யார் நிச்சயிப்பது? நம் வீடுகளில் இதை ஊர்வாய்க்கு அஞ்சியே நிச்சயிக்கிறார்கள். மனைவியை இழந்தவன் மறு கிறிஸ்மஸுக்குள் பட்டுக்கரை வேஷ்டி உடுத்தி, இரண்டாம் விவாகமும் செய்துகொண்டால், பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று ஊரே நியாயம் பேசுகிறது. கணவனை இழந்தவள் ஐந்தாம் கிறிஸ்மஸுக்கு ஒரு சிவப்புப் புடவை உடுத்தினால் அதே ஊர் கோயில் வாசலிலேயே கண்ணைச் சுழற்றுகிறது. துக்கம் அவளுடையது, அதை எத்தனை நாள் காப்பது, எந்நாளில் இறக்கி வைப்பது என்பதும் அவளுடையதே. அவள் முதல் வருஷமே குழந்தைக்காக விளக்கேற்றச் சொன்னால் ஏற்ற வேண்டும். மூன்றாம் வருஷமும் வேண்டாமென்றால், முந்திரிக்கொத்துத் தூக்குகள் மூன்றாம் வருஷமும் அந்த அடுக்களைக்குப் போக வேண்டும்.