கடல்வழியில் உணவு நெறி

சீலம் ஏற்ற உபாசகர் ஒருவர் வீட்டை விட்டு நெடுவழிச் செல்லுங்கால் தம் உணவு நெறியை எங்ஙனம் காத்துக்கொள்வது என்னும் வினா நம் சங்கத்தாரிடையே அடிக்கடி எழுகின்றது. தரைவழிச் செல்வோர்க்கு இது பெரிய இடர் அன்று. ஓர் உணவுச்சாலை ஒவ்வாதாயின் அடுத்த ஊரில் வேறொன்று உண்டு. கப்பலில் ஏறியவர்க்கு அந்த வசதி இல்லை. சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகருக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். போர்ட் பிளேயர் என்று வழங்கிய அந்நகருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. பயணிகள் கப்பல் அங்குச் சென்று சேர மூன்று நாள் அளவு பிடிக்கும். அம்மூன்று நாளும் உண்பதற்குக் கப்பலின் சமையற்கூடமே கதி.

முன்னாளில் பெரும்பாலும் பிழைப்பு நாடியும் உறவினரைக் காணவுமே நம்மவர் அக்கப்பல்களில் ஏறினர். இந்நாளில் விடுமுறைக்கென்றே தீவுகளைக் காணச் செல்வோர் பெருகியுள்ளனர். 2022-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பலும் புறப்பட்டது. ஆகவே இவ்வினாவை ஆராய்வது காலத்திற்கு ஏற்றதேயாம்.

வினவுவோர் மூவகையினர். புலால் உண்பதை விட்டவர்கள் ஒரு வகையினர். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் அட்டசீலம் ஏற்று, நண்பகலுக்குப் பின் உண்ணாதிருப்போர் இரண்டாம் வகையினர். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய நோய்களால் மருத்துவர் வகுத்த பத்தியத்தில் இருப்போர் மூன்றாம் வகையினர். இம்மூவர்க்கும் விடை கூறுமுன் அடிப்படையான ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம்மனோர் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்டதற்கு உணவும் ஒரு கருவியாயிற்று. இன்னார் சமைத்ததை உண்ணலாகாது, இன்னாரோடு ஒரே பந்தியில் அமரலாகாது என்னும் விதிகளே சேரியையும் ஊரையும் பிரித்து நிறுத்தின. அவ்விதிகளை உதறிவிட்டுத் திரிசரணம் புகுந்த நாம், கப்பற் பந்தியில் அமர்ந்து, “அந்தக் கலத்தில் வெந்தது எமக்கு ஆகாது” என்று சொல்வோமாயின், அஃது எந்த நெறியைச் சேர்ந்தது? சீலத்தையா, நாம் விட்டு வந்த தீட்டையா? வினாவின் உயிர்நிலை இதுவே.

இவ்விரண்டும் கடலின்மேல் மோதிக்கொண்ட வரலாறு நம் நாட்டில் உண்டு. கடல் கடந்தால் சாதி கெடும் என்பது பழைய நம்பிக்கை. 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆங்கில அரசு அந்தமானில் கைதிகளைக் குடியேற்றத் தொடங்கியபோது, அக்கடலைக் ‘காலாபாணி’ என்று சொல்லி மக்கள் நடுங்கியதற்குச் சிறைத் துன்பம் ஒன்றே காரணம் அன்று; சாதி இழப்பும் காரணமாயிற்று. பிறர் சமைத்ததை உண்ண மறுத்த கைதிகள் கப்பலில் வறுத்த தானியத்தைத் தின்றே நாள் கடத்தினர். அதற்கு முன்னரே, வங்காள மாகாணத்துச் சிறைகளில் தனித்தனி அடுப்பை நீக்கிப் பொதுச் சமையல் கொணர்ந்தபோது கலகங்கள் விளைந்தன. இவர்களும் உணவில் கட்டுப்பாடு உடையவர்களே. ஆனால் அக்கட்டுப்பாட்டினால் ஓர் உயிரும் பிழைத்ததில்லை. ஒரு நோயும் தணிந்ததில்லை. சமைத்தவன் பிறப்பு ஒன்றே அங்கு அளக்கப்பட்டது.

அதே காலத்தில் வேறொரு கப்பலையும் எண்ணிப் பார்ப்போம். 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து ‘துரூரோ’ என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குச் சென்றது. நவம்பர் 16-ஆம் நாள் அது டர்பன் துறையை அடைந்தது. அத்தகைய கூலிக் கப்பல்களில் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்ட இடம் ஏது? ஊரில் ஒரே கிணற்றில் நீர் மொள்ளாதவர்கள் கடலில் பொதுவில் வெந்த சோற்றை உண்டனர். வறுமையும் ஏமாற்றும் அவர்களைக் கப்பலேற்றின என்பது மெய்யே, அதைப் புகழ்வதற்கில்லை. எனினும் பந்தி வேற்றுமை இயற்கையின் விதி அன்று என்பதை அப்பயணங்கள் காட்டிவிட்டன.

இனி, பகவன் இதனை எவ்வாறு கண்டார் என நோக்குவோம். ஐயமேற்று உண்ணும் பிக்குவுக்கு அவர் வகுத்த புலால் விதி மூன்று கூறுடையது. தனக்கென்றே ஓர் உயிர் கொல்லப்பட்டதைக் கண்டிருத்தல், கேட்டிருத்தல், ஐயுறுதல் என்னும் மூன்றும் இல்லாதபோது இட்டதை ஏற்கலாம். தேவதத்தன் வந்து, பிக்குகள் புலாலை அறவே தொடலாகாது என்பதைக் கட்டாய விதியாக்குமாறு வேண்டினான். பகவன் அதற்கு இணங்கவில்லை. இதனைக் கொண்டு அவர் கொலையைப் பொறுத்துக்கொண்டார் என்று கருதுவது பிழை. கொல்லாமை நம் முதற் சீலம். பிற்காலத்து மகாயான நூலாகிய இலங்காவதார சூத்திரம் புலாலை முற்றும் விலக்குகின்றது. பாபாசாகேப் அம்பேத்கர் தமது ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில், அகிம்சையைப் பகவன் எண்ணிப் பார்த்து ஒழுகவேண்டிய நெறியாக வைத்தாரேயன்றி இறுகிய விதியாக வைக்கவில்லை என்று விளக்கியுள்ளார். ஆகவே புலாலை விட்டவர் தம் கருணையால் விட்டவர். அது போற்றத்தக்கது. ஆனால் விடாதவரை இழிந்தவர் என்று கருத அவருக்கு உரிமை இல்லை.

உணவையும் உணவிட்ட கையையும் பகவன் எவ்வாறு வேறு பிரித்தார் என்பதற்கு அவருடைய இறுதி உணவே சான்று. பாவா நகரில் கொல்லன் மகன் சுந்தன் இட்ட உணவில் ஒரு பண்டத்தைத் தமக்கு மட்டும் இடச்செய்து, எஞ்சியதைக் குழியில் புதைத்துவிடுமாறு அவர் கூறினார். பிறருக்கு அது செரியாது என்பதை அறிந்தார். அதன்பின் கடும் நோயுற்றார். அந்நிலையிலும் ஆனந்தரை அழைத்து, சுந்தன் மனம் வருந்தலாகாது, அவன் இட்ட உணவு பெரும் பயன் உடையது என்று அவனுக்கு எடுத்துச் சொல்லுமாறு பணித்தார். பண்டம் விலக்கப்பட்டது, இட்டவன் விலக்கப்படவில்லை. மகா காசியபரின் செய்தியும் நினைக்கத்தக்கது. தொழுநோயாளி ஒருவன் அவர் கலத்தில் ஒரு கவளம் இட்டான். இடும்போதே அவன் விரல் ஒன்று அற்று அதில் விழுந்தது. அருவருப்புச் சிறிதுமின்றி அவர் அவ்வுணவை உண்டார் எனத் தேரகாதை கூறுகின்றது.

நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும் இதற்கு வழிகாட்டுகின்றது. ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு, ஆடையற்ற நாகர் வாழும் மலைக்கரையில் ஒதுங்கினான். அம்மலை நிக்கோபார்த் தீவே என்று கருதுவாரும் உளர். பதினோராம் நூற்றாண்டில் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அத்தீவினை ‘மாநக்கவாரம்’ என்று குறிக்கின்றது. காப்பியம் அந்நாகரை மனிதரைத் தின்போராகக் காட்டுவது கதைமரபு. தென்னையும் தாழைக் கனியும் மீனும் பன்றியும் உண்டு வாழும் நிக்கோபார் மக்கள்மேல் அதனை ஏற்றுதல் தகாது.

நாகர் தலைவன் சாதுவனுக்குக் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொன்னான். சாதுவன் மறுத்தான். தலைவன் சினந்து காரணம் கேட்டான். சாதுவன் அவர்கள் மொழியிலேயே, அவர்கள் நடுவிலேயே இருந்துகொண்டு காரணத்தை எடுத்துரைத்தான். தலைவன் தம்மால் இயலும் அறம் யாது என்று வினவியபோது, கலம் உடைந்து கரை சேர்வோரைக் காக்கவேண்டும், மூத்து இறந்த விலங்கின் ஊனையன்றி வேறு உயிரைக் கொன்று உண்ணலாகாது என்று கூறினான். தான் முற்றும் விலக்கியதை அவர்கள் முற்றும் விலக்க வேண்டும் என்று அவன் கட்டளையிடவில்லை. அவர்கள் பாத்திரத்தை அருவருக்கவும் இல்லை.

இவற்றால் ஓர் அளவுகோல் நமக்குக் கிடைக்கின்றது. “இதனை உண்ணேன்” என்று சொல்லுமுன் காரணத்தை நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டும். என் உடலுக்குத் தீங்கு என்பது தக்க காரணம். பிற உயிருக்குத் தீங்கு என்பதும் தக்க காரணம். நாவை அடக்கிப் பழகுகிறேன் என்பதும் தக்கதே. சமைத்தவர் இன்னார், உடன் உண்பவர் இன்னார் என்பது எந்நாளும் தக்க காரணம் ஆகாது.

அளவுகோல் எளிது, அதனைக் கையாள்வதில்தான் தொல்லை. புலால் உண்ணாத அன்பர் ஒருவர் முன் சோறும் மீன்குழம்பும் வைக்கப்படுகின்றன. பரிமாறுபவர் மீன்குழம்பில் இட்ட கரண்டியாலேயே பருப்பையும் மொள்ளுகிறார். அன்பர் என் செய்வது? கருணை காரணமாகப் புலாலை விட்டவராயின், அக்கரண்டியால் எவ்வுயிரும் மேலும் துன்புறப் போவதில்லை. அப்பருப்பை அவர் உண்ணலாம். மனம் ஒவ்வாதாயின் சோற்றையும் மோரையும் உண்டு அமையலாம். ஆனால் இறால், மீன் முதலியன உடலுக்கு ஒவ்வாமல் தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாகும் நோயர்க்கு அதே கரண்டி பெருந்தீங்கு. அவர் வேறு கரண்டி கேட்பது கடமையாகும். இருவர் செயலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். உள்ளிருக்கும் காரணம் வேறு. மூன்றாமவர் ஒருவர், “பக்கத்தில் இருப்பவர் மாட்டிறைச்சி உண்பவர், எனக்கு வேறு இடம் வேண்டும்” என்பாராயின், அவர் எத்தனை முறை பஞ்சசீலம் ஓதினாலும் தீட்டை விட்டவர் ஆகார். நாம் நூற்பாலையிற் பணிபுரிந்த நாட்களில், உணவு வேளையில் தூக்குச்சட்டியைத் திறக்குமுன் பக்கத்தில் அமர்பவர் யார் என்று நோக்கிய கண்களைக் கண்டிருக்கிறோம். சங்கத்தார் கண்ணில் அப்பார்வை வரலாகாது.

கேட்க நாணுதலும் ஒரு குறையே. காந்தியார் 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். புலால் தொடேன் என்று அன்னைக்கு வாக்களித்திருந்தார். உணவுப் பட்டியலில் ஊன் கலவாதவை எவை என்று வினவத் துணிவின்றி, வீட்டிலிருந்து கொணர்ந்த இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே பெரும்பாலும் உண்டார் என அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். வாக்கு காக்கப்பட்டது; பந்தி இழக்கப்பட்டது. நம்மவர் அங்ஙனம் ஒளிய வேண்டுவதில்லை. கப்பலேறிய அன்றே உணவுப் பொறுப்பாளரைக் கண்டு, “எனக்கு இன்னது ஆகாது, இன்னது போதும்” எனப் பணிவோடு கூறலாம். அவலும் பொரியும் பொட்டுக்கடலையும் ஒரு பையில் கொண்டு செல்லலாம். ஆனால் அவற்றைக்கூடப் பந்தியில் பலரோடு அமர்ந்தே உண்ணுதல் நன்று.

உபோசதம் காப்போர்க்கு ஒரு செய்தி. நண்பகல் என்பது கதிரவன் உச்சியை அடையும் வேளை. இந்தியா முழுமைக்கும் கடிகாரம் ஒன்றே. கதிரவன் அவ்வாறு இல்லை. சென்னையில் உச்சிவேளை சராசரியாகப் பன்னிரண்டு மணி ஒன்பது நிமிடத்தளவில் வரும். கிழக்கே உள்ள ஸ்ரீ விஜயபுரத்திலோ பதினொன்று இருபதளவிலேயே வந்துவிடும். ஏறத்தாழ 50 நிமிட வேற்றுமை. கப்பல் கிழக்கே செல்லச் செல்ல இவ்வேற்றுமை நாளும் வளரும். கப்பலில் பகலுணவு பன்னிரண்டுக்குப் பரிமாறப்பட்டால் அது காலந்தாழ்ந்த உணவே. காலைப் பலகாரத்தையே அன்றைய உணவாகக் கொள்ளுதல் ஒரு வழி. கடிகாரப் பன்னிரண்டையே எல்லையாக வைத்துக்கொள்ளுதல் இல்லறத்தார்க்கு மற்றொரு வழி. இல்லறத்தார்க்கு உபோசதம் தாமே விரும்பி ஏற்கும் நோன்பு ஆதலின், இதன்பொருட்டுப் பரிமாறுபவரோடு வழக்காடுவது நோன்பின் பயனையே கெடுத்துவிடும்.

நோயுற்றோர்க்கு நாம் உறுதியாகக் கூறுவது ஒன்று. நோயுற்ற பிக்குகளுக்காக நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் என்னும் ஐந்தையும் நண்பகலுக்குப் பின்னும் மருந்தாகக் கொள்ளப் பகவன் இசைந்தார். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர் உணவை விட்டால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரும். கடலில் குமட்டலும் வாந்தியும் சேர்ந்தால் அபாயம் இருமடங்காகும். அத்தகையோர் பயணத்தில் உபவாசம் ஏற்க வேண்டா. மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் கைப்பையில் வைத்திருக்கட்டும். புறப்படுமுன் மருத்துவரைக் கேட்டு நடக்கட்டும். தன் உடலை வதைப்பது சீலம் அன்று என்பதைப் பகவன் உருவேலாக் காட்டில் தாமே பட்டறிந்து உரைத்தார்.

உல்லாசக் கப்பலின் இடர் இதற்கு மறுதலையானது. அங்கு இல்லாமை இல்லை. எடுக்க எடுக்கக் குறையாத பண்டங்கள். கோசல மன்னன் பசேநதி துரோண அளவு சோறு உண்டு மூச்சு வாங்கியதும், பகவன் அளவறிந்து உண்பதன் நன்மையைக் கூறியதும், மன்னன் அதனை உணவுதோறும் தனக்கு நினைவூட்ட ஓர் இளைஞனை அமர்த்தியதும், சிறிது சிறிதாக நாழி அளவுக்குக் குறைந்ததும் சூத்திரத்தில் உள்ளன. உடன்வரும் மனைவியோ மகனோ அவ்விளைஞனின் பணியைச் செய்யலாம். சொல்பவர்மேல் சினவாமை நம் பங்கு. தட்டில் இட்டு எறியப்படும் ஒவ்வொரு பிடிக்கும் கப்பலின் அடித்தட்டில் வெந்தழலின் முன் நின்று உழைத்த ஒருவர் இருக்கிறார் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே அன்பர்கள் தத்தம் நெறியைத் துணிவோடு கடலுக்கும் கொண்டு செல்க. வேண்டாததை வேண்டா என்க. காரணம் கேட்பவர்க்குச் சாதுவனைப்போல் அவர் மொழியிலேயே அமைதியாக விடை கூறுக. உண்டு எழுமுன், உணவு சமைத்தவரையும் பரிமாறியவரையும் நோக்கி ஒரு நன்றிச் சொல் கூறுக. நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்ட பந்தியில் நாம் அமர்ந்திருக்கிறோம். அப்பந்தியிலிருந்து எவரையும் நாம் எழுப்பாதிருப்போமாக.