தெருப் பெயரும் நன்றிக் கடனும்

ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் நம் நாவில் நாள்தோறும் பயில்கின்றன. ஆயினும், அவற்றின் பின்னே இருப்பவர்களை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. ஓரிடத்திற்கு ஒருவர் பெயரைச் சூட்டும் சமுதாயம், தான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை அதன்வழி அறிவிக்கிறது. அவ்வறிவிப்பு முழுமையானதுதானா என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

ரெங்கத்திலிருந்து தெற்கே சென்று ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அந்நகரின் நடுவே கோல்மன் தெரு என்றொரு தெரு உண்டு. அயர்லாந்தில் 1795-இல் பிறந்த ஜார்ஜ் கோல்மன் என்ற கட்டடக் கலைஞரின் பெயர் அது. கல்கத்தாவில் தொழில் புரிந்த அவர், 1820களில் சிங்கப்பூருக்கு வந்தார். 1833-இல் பொதுப்பணிகளின் மேற்பார்வையாளரானார். வளரத் தொடங்கிய நகருக்குச் சாலைகளை வகுத்தார். 1835-இல் அவர் அமைத்த ஆர்மீனியர் தேவாலயம் இன்றும் எழில் குன்றாமல் நிற்கிறது. அத்தெருவில் அவர் தமக்கெனக் கட்டிக்கொண்ட இல்லம் 1965-இல் இடிக்கப்பட்டது. இல்லம் மறைந்தது, பெயர் நிலைத்தது.

சாலையை வகுத்தவர் கோல்மன். மண் சுமந்தவர் யார்? 1825 முதல் 1873 வரை, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் சிங்கப்பூரில் வேலை வாங்கப்பட்டனர். சென்னை மாகாணத்தாரும் வங்காளத்தாரும் பம்பாய்ப் பகுதியாரும் அவர்களுள் இருந்தனர். சதுப்பைத் தூர்த்தவையும் சாலை இட்டவையும் அவர்தம் கைகளே. கோல்மன் தெருவையொட்டி நிற்கும் புனித அந்திரேயா பேராலயம் 1856-இல் தொடங்கி அவர்கள் உழைப்பால் எழுந்தது. சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் குழைத்து, அதன் சுவர்களுக்குச் சாந்து பூசினர். அது சென்னைச் சுண்ணச்சாந்து என்றே பெயர் பெற்றது. சாந்துக்கு ஊர்ப்பெயர் கிடைத்தது. அதைக் குழைத்தவனுக்குத் தன் பெயர்கூட எஞ்சவில்லை.

அவர்கள் தண்டனை பெற்றவர்கள், அவர்களுக்குச் சிறப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். புகழ் வேறு, கடன் வேறு. ஒருவரின் ஆற்றலையோ ஒழுக்கத்தையோ நோக்கி எழுவது புகழ். நாம் பெற்ற பயனை நோக்கி எழுவது கடன். சாலையில் நடப்பவன், அதை இட்டவன் நல்லவனா என்று கேட்ட பிறகா கடன்படுகிறான்? அதற்காகக் கோல்மனின் பெயரை அகற்றுவதும் அறமாகாது. ஒரு பெயரை அழிப்பதால் மறைந்த மற்றொரு பெயர் மீண்டு வந்துவிடுவதில்லை.

அத்தனை பேரின் பெயரையும் எங்கே எழுதுவது என்ற கேள்வியும் எழும். 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயர் அங்கே இருக்கிறது. ஏறத்தாழ 400 ஆடல் மகளிரின் பெயர்களும், எந்தத் தெருவில் எத்தனையாம் வீட்டில் அவர்கள் வாழ்ந்தனர் என்பதும் பொறிக்கப்பட்டுள்ளன. தச்சரும் தையற்காரரும் நாவிதரும்கூட இடம் பெற்றனர். கல் சுமந்தோரின் பெயர்கள் அங்கும் இல்லை என்பது உண்மையே. எனினும், மாமன்னன் பெயர் நின்ற கல்லிலேயே பணியாளர் பெயரும் நிற்க இடமுண்டு என்பதை அக்கோயில் மெய்ப்பித்தது. இடம் போதாமை என்பது பெரும்பாலும் மனம் போதாமையே.

இனி நம் ஊருக்கு வருவோம். 1909-இல் ஜொகூர் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை நிறைவுற்றது. அதனைச் சார்ந்து இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அங்கே பால்மரம் வெட்டியவர்களுள் நம் முன்னோர் எண்ணற்றோர். பின்னாளில் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. மக்களும் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். முதியோர் ஒருவர் மறையும்போது அவரறிந்த பெயர்களும் உடன் மறைகின்றன.

கல்லில் பொறிக்கும் வசதி நமக்கு இல்லாதிருக்கலாம். ஏடும் எழுதுகோலும் உண்டு. தமிழாசிரியர் ஒருவர் தம் வகுப்பிலே, "உன் பாட்டனின் பெயர் என்ன? பாட்டியின் பெயர் என்ன? எந்தத் தோட்டத்தில் உழைத்தார்கள்?" என்று கேட்டு, மாணவரை எழுதச் செய்யலாம். விடை தெரியாத பிள்ளை அன்று மாலை வீட்டிற்குச் சென்று பெரியோரைக் கேட்கட்டும். நாம் பட்ட கடனுக்கு அதுவே முதல் தவணை.