தொலைமருத்துவமும் அருகிருப்போரும்

மருத்துவம் எல்லோருக்கும் உரியது என்பதை இன்று மறுப்பார் இலர். 1978 ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம் அதனை உலக நாடுகளின் பொதுக் கடப்பாடாக வகுத்தது. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகள் கட்டணமின்றியே சிகிச்சை அளிக்கின்றன. ஆயினும், உரிமை உண்டு என்பதும் அதனை நுகர முடியும் என்பதும் ஒன்றல்ல.

புங்குடுதீவின் இறுப்பிட்டியை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து வேலணையூடாக யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி உண்டு. குறிகட்டுவான் துறைக்கு அப்பாலுள்ள நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே வழி. போரும் புலப்பெயர்வும் தீவகக் குடும்பங்களைச் சிதறடித்தமையால், பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் வாழ, முதியோர் பலர் இங்கே தனித்திருக்கின்றனர். வீட்டிலிருந்தவாறே வைத்தியரைக் காணலாம் என்பது இவர்களுக்குப் பெரும்பேறன்றோ? ஆனால் கண் மங்கியவருக்குத் திரையின் எழுத்துப் புலப்படாது. செவி மந்தமானவருக்குக் கைத்தொலைபேசியின் குரல் எட்டாது. மறுமுனையிலிருப்பவர் தமிழறியாதவராயின் நோயைச் சொல்லவும் இயலாது. தூரத்தை வெல்ல வந்த கருவியே புதியதொரு தூரமாகின்றது.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகக் கண்டார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். தொலைமருத்துவம் முதலிருவரையும் இணைக்கின்றது, நான்காமவரையோ மறந்துவிடுகின்றது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புற நிலையங்கள் அவரை மறக்கவில்லை. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதித்து விபரங்களை அனுப்ப, தொலைவிலுள்ள மருத்துவர் நோயாளியுடன் திரைவழி உரையாடுகின்றார். கருவியைக் கையாளும் சுமை நோயாளியின்மீது ஏற்றப்படுவதில்லை.

நகரத்தாருக்கு நேரில் வைத்தியர், தீவாருக்கு வெறுந்திரை என்றாகிவிடாதோ எனச் சிலர் ஐயுறுவர். அவ்வையம் நியாயமானதே. வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் காயத்துக்குத் தையலிடவும் திரையால் இயலாது. ஆதலின் தொலைமருத்துவம் தீவக வைத்தியசாலைகளுக்குத் துணையாகலாமேயன்றி, அவற்றை மூடுவதற்குச் சாட்டாகலாகாது.

கருவியை இயக்க அறியாமை நோயாளியின் குற்றமன்று. வசதியைத் தருவோரே அது கடைசி மனிதரையும் சென்றடைந்ததா எனக் காணக் கடமைப்பட்டவர். ஊருக்கோர் இடத்தில் கருவியொன்று, அதனருகே தமிழறிந்த தாதி ஒருவர், நடக்கவியலாதோரின் இல்லம் தேடிச் செல்ல ஒரு முறைமை: இவ்வளவும் அமைந்த பின்னரே இச்சேவை எல்லோருக்கும் உரியது என நாம் கூறுதல் தகும்.