காண்டலா, கருதலா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வார்ப்பாலை வேலை பார்க்கும் ஒருவருக்குப் பேட்டர்ன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. உலோகத்தை உருக்கி ஊற்றுமுன் செய்யப்படும் மாதிரி அது. அதில் பிழை இருந்தால் வார்ப்பிலும் அந்தப் பிழை வரும். அதே ஆள் எலும்புக்குள் சிக்கிய ஞானப்பல்லோடு மருத்துவமனைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கீழ்த்தாடையையே பிசினில் முப்பரிமாணமாக அச்சடித்து மருத்துவர் அவர் கையில் கொடுக்கிறார். பல் வெள்ளை, நரம்பு சிவப்பு. “இதுதான் உங்க பல்லு. இது நரம்பு, வேரை ஒட்டிப் போகுது பாருங்க.”

கண்ணால் பார்த்தாயிற்று, விரலால் தடவியும் பார்த்தாயிற்று. ஆனாலும் அவர் பார்த்தது பல்லைத்தானா?

அறிவு எந்த வழியாக வருகிறது என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், கடவுளைப் பற்றிய வாதத்தில் இறங்குமுன் இந்த வழிகளை, அதாவது அளவைகளைப் பேசுகிறது. காண்டல், கருதல், உரை என்று மூன்று. பிற சமயத்தார் வேறு சிலவற்றைச் சொன்னாலும் எல்லாம் இந்த மூன்றில் அடங்கும் என்பது அதன் முடிவு. காண்டல் என்றால் ஐயமும் திரிபும் இல்லாமல் நேரே அறிவது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பிசின் தாடை முழுக்க முழுக்கக் கருதல்தான். சி.பி.சி.டி. என்ற கூம்புக்கற்றை ஸ்கேன் கருவி தலையைச் சுற்றி வந்து நூற்றுக்கணக்கில் நிழற்படங்களை எடுக்கிறது. கணினி அவற்றிலிருந்து தாடையின் பருமனைக் கணக்கிட்டு, பெரும்பாலும் 0.1 முதல் 0.4 மில்லிமீட்டர் பக்கமுள்ள நுண்கட்டங்களாக அடுக்குகிறது. எந்தச் சாம்பல் நிறம்வரை எலும்பு, எங்கிருந்து இல்லை என்ற எல்லையை மென்பொருளும் அதன் முன் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். எல்லையைக் கொஞ்சம் நகர்த்தினால் மெல்லிய எலும்பு மறைந்து, தாடையில் இல்லாத ஓட்டை அச்சில் விழும். அந்தச் சிவப்பு நரம்போ படத்தில் நேராகத் தெரிவதே இல்லை. தெரிவது அது ஓடும் கால்வாய். அந்தக் கால்வாயில் ஒருவர் மவுஸால் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போக, மென்பொருள் அவற்றை இணைத்துக் குழாயாக்குகிறது.

கருதல் என்பதால் அது மட்டம் என்று பொருளல்ல. கும்மிடிப்பூண்டி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் கற்கருவிகளைக் கண்ட இடத்தில், தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு பின்னாளில் அகழாய்வு செய்து விலங்குகளின் புதைபடிவப் பற்களையும் எடுத்தது. அங்கே மேய்ந்த விலங்கினங்களைப் பற்றி நாம் பேச அப்படிப்பட்ட சில பற்களும் உதவுகின்றன. ஏது, அதாவது கருதலுக்கு ஆதாரமான அடையாளம், சரியாக இருந்தால் கருதல் வெகுதூரம் கொண்டுசெல்லும்.

தாடை முழுவதையும் தட்டையாகக் காட்டும் சாதாரண ஓ.பி.ஜி. எக்ஸ்-ரே படத்தைப் பார்க்கும் மருத்துவரும் ஏதுவைத்தான் தேடுகிறார். வேரின் மேல் கருமை படிந்திருக்கிறதா, கால்வாயின் வெள்ளைக் கோடு அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். நரம்பு அருகில் இருப்பதைக் காட்டும் இத்தகைய அடையாளங்களை ரூட், ஷெஹாப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990இல் ஆராய்ந்து எழுதினார்கள். தட்டைப் படத்தைப் பார்க்கும்போது, தான் ஊகிக்கிறோம் என்பது மருத்துவருக்குத் தெரியும். முப்பரிமாண அச்சு கைக்கு வந்ததும் அந்த எச்சரிக்கை மெல்ல நழுவிவிடுகிறது. ஆபத்து அங்கேதான். நெதர்லாந்தில் நடந்து 2015இல் வெளியான ஒரு சோதனையில், சி.பி.சி.டி. நரம்புக்கு உள்ள ஆபத்தை அடையாளம் காண உதவியது. நரம்புக் காயத்தைக் குறைக்கவில்லை.

அச்சில் இல்லாதது ஒன்றும் உண்டு. நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பு, கீழ் ஞானப்பல்லின் உட்புறமாக மென்தசையில் ஓடுகிறது. சி.பி.சி.டி.யில் அது தெரியாது, அதனால் அச்சிலும் வராது. அங்கே காணாததை இல்லாதது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அச்சு உண்மையாகவே கைகொடுக்கும் இடமும் இருக்கிறது. கெட்டுப்போன கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் நோயாளியின் ஞானப்பல்லையே எடுத்து நடும் சிகிச்சையில், அசல் பல் வெளியில் காய்ந்தால் அதன் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் சாகும். அச்சடித்த பல்லைப் பொருத்திப் பார்த்தே குழியைச் செதுக்கி முடித்துவிட்டால், அசல் பல் வெளியில் இருக்கும் நேரம் குறைகிறது.

மூன்றாவது அளவை உரை. சித்தாந்தத்தில் அது ஆகமத்தின் இடம். மருத்துவமனையிலோ நம்பத்தக்கவர் சொல்லும் சொல்லுக்கு அந்தக் கனம் உண்டு. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன், கீழுதடு மரத்துப்போகலாம், சிலருக்கு அது திரும்பாமலும் போகலாம் என்பதை அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். பிசின் தாடை அதைச் சொல்லாது. தொந்தரவு தராத பல்லை எடுக்கத்தான் வேண்டுமா என்பதையும் அது சொல்லாது. நோயில்லாத சிக்கிய ஞானப்பற்களை முன்கூட்டியே பிடுங்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000இல் வழிகாட்டுதல் தந்தது. அச்சைக் கையில் கொடுக்கும் மருத்துவர், பல்லை விட்டுவைக்கும் வழியும் உண்டு என்பதை அதே மேசையில் வைத்தே சொல்லிவிட வேண்டும்.